மூடிய நிலையத்தின் பின்கதவைத் திறந்தது குறித்து

அனுப்புநர்:
வாடகைதாரர், சலவை மற்றும் இஸ்திரிக் கடை,
மூடப்பட்ட சுரங்க ரயில் நிலையத்தின் பழைய டிக்கெட் கவுண்டர்,
கண் மருத்துவமனைக்கு எதிரில்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
நகரச் சுரங்க ரயில் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: ரயில் பயணிகளை என் கடை வழியாக வெளியே விட்டதற்காக என்னைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பின் மீது புகாரும், அதனோடு சேர்ந்த ஒரு கோரிக்கையும் – தொடர்பாக.

பார்வை: (அ) தங்கள் சொத்துப் பிரிவு அனுப்பிய காலி செய்யும் அறிவிப்பு. (ஆ) தங்கள் இயக்கப் பிரிவு அனுப்பிய பாராட்டுக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட இரண்டு கடிதங்களும் ஒரே நாளில், ஒரே தபால்காரர் கையால், தங்கள் துறையின் ஒரே முத்திரையோடு எனக்கு வந்து சேர்ந்தன. முதலில் பிரித்தது பாராட்டு. ஓடாமல் நின்றுபோன ரயிலின் பயணிகளைப் பத்திரமாக வெளியேற்ற உதவியதற்காக நன்றி, குடும்பத்தோடு தலைமை அலுவலகம் வந்து பாராட்டு விழாவைச் சிறப்பிக்க வேண்டும் என்று இருந்தது. அடுத்ததில், அதே காரியத்துக்காக இந்த மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு, விழாவுக்குப் போகும்போதே தட்டுமுட்டுச் சாமான்களையும் வண்டியில் ஏற்றிவிட்டால் ஒரே நடையாகப் போய்விடும் என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

2. தாங்கள் பதவிக்குப் புதிது என்று அறிகிறேன். ஆகையால் நிலையத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவை நீளவாக்கில் பிளந்து, பள்ளம் தோண்டி, அதற்குள் தண்டவாளம் போட்டு, மேலே மூடித்தான் இந்தப் பாதையைக் கட்டினார்கள். அந்த நாளில் ரயிலுக்கு மூன்றே பெட்டி, பிளாட்பாரமும் அதற்கேற்ற நீளம். பிறகு ஊர் பெருத்தது, கூட்டம் பெருத்தது, ரயிலுக்கு ஆறு பெட்டி ஆனது. மற்ற நிலையங்களில் பிளாட்பாரத்தை நீட்டினார்கள். எங்கள் நிலையம் ஒரு வளைவில் இருக்கிறது. ஒரு பக்கம் மருத்துவமனையின் அஸ்திவாரம், மறுபக்கம் பெரிய சாக்கடைக் குழாய். நீட்ட வழியில்லை. அப்போதைய பெட்டிகள் தனித்தனி அறை மாதிரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. பின்பெட்டிக்காரர் கதவைத் திறந்தால் சுரங்கத்தின் சுவரில்தான் முட்டிக்கொள்வார். ஆகவே நிலையத்தை மூடினார்கள். அது நியாயமான முடிவு என்று என் மாமனாரே சொல்வார். மூடிய கையோடு டிக்கெட் கவுண்டரை வாடகைக்கு விட்டார்கள். எடுத்தவரும் அவர்தான்.

வாசலில் 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று தங்கள் துறை மாட்டிய பலகை இன்னும் தொங்குகிறது. அந்தத் தற்காலிகத்துக்கு என் மூத்த மகளைவிட வயது அதிகம். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

3. நாங்கள் ஒழுங்கான வாடகைதாரர்கள். டிக்கெட் கொடுத்த கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் இன்றைக்கும் துணி வாங்குகிறோம், துணி கொடுக்கிறோம். தெருவில் எனக்கு 'டிக்கெட் அக்கா' என்று பெயரே ஆகிவிட்டது. கடையின் பின்சுவரில் ஓர் இரும்புக் கதவு இருக்கிறது. அதன் பின்னால்தான் பிளாட்பாரத்துக்கு இறங்கும் படிக்கட்டு. கதவில் துறையின் பூட்டு, அதன் மேல் துறையின் முத்திரை. அதை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தத்தின் ஏழாவது நிபந்தனை. நாங்கள் திறப்பதாவது, அதன் முன்னால் ஒரு பெரிய அலமாரியை நிறுத்தி மடித்த துணிகளை அடுக்கிவிட்டோம். கீழே ரயில் போகும்போதெல்லாம் கதவிடுக்கு வழியாகச் சூடான காற்று வரும், கொடியில் தொங்கும் சட்டைகள் எல்லாம் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். எங்களுக்கும் ரயிலுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

4. சம்பவத்தன்று காலை, அலுவலகக் கூட்டம் போகும் நேரத்தில், சட்டைகள் ஆடாமல் நின்றன. நான்தான் முதலில் கவனித்தேன். காற்று நின்றால் ரயில் நின்றது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அலமாரிக்குப் பின்னாலிருந்து தட்டும் சத்தம். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்து நின்றார். இஸ்திரிக்கு வந்திருந்த யாரோ ஒருவரின் கால்சட்டையில் அன்றைக்கு ஒரு முக்கோணத் தீய்ப்பு விழுந்தது அதனால்தான். பிறகு ஒரு பெண் குரல் கேட்டது. அந்த வார்த்தைகளை நான் சத்தியம் செய்து சொல்ல முடியும்: "அக்கா, யாராவது இருக்கீங்களா? கதவைத் திறங்க. எங்க பின்னாடி ஒரு ரயிலே நிக்குது."

அது ரயில் ஓட்டுநர். மின்சாரம் போய், முன்பாதி எங்கள் பழைய பிளாட்பாரத்திலும் பின்பாதி சுரங்கத்துக்குள்ளுமாக ரயில் நின்றுவிட்டது. உள்ளே காற்றோட்டம் இல்லை. பயணிகள் சிலருக்கு மயக்கம். நான் உடனே தங்கள் துறையின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன் என்பதைத் தயவுசெய்து பதிவில் ஏற்ற வேண்டும். அனைத்து ரயில்களும் வழக்கம்போல் இயங்குகின்றன என்று ஒரு பதிவுக் குரல் இனிமையாகச் சொன்னது. வழக்கம்போல் இயங்கிய ரயில் அதே நேரத்தில் என் அலமாரியைத் தட்டிக்கொண்டிருந்தது.

5. அலமாரியை நானும் வீட்டுக்காரரும், ஜன்னலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவரும் சேர்ந்து நகர்த்தினோம். பூட்டை உடைத்தது நான். மூலையில் கிடந்த பழைய கரி இஸ்திரிப் பெட்டியால் உடைத்தேன். மூன்றாவது அடியில் பூட்டு வாயைப் பிளந்தது. சொத்துப் பிரிவு தன் அறிவிப்பில் 'அடையாளம் தெரியாத கருவியால்' என்று எழுதியிருப்பதைத் திருத்திக்கொள்ளலாம். கருவி கடையிலேயே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

6. அதன் பிறகு நடந்ததைப் பெருமையோடுதான் எழுதுகிறேன், ஐயா. அடக்கமாக எழுத எனக்கு வரவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் படியேறி ஒவ்வொருவராக வந்தார்கள். புழுதியும் வியர்வையுமாக, இஸ்திரி மேசைக்கும் துணி மூட்டைக்கும் நடுவே புகுந்து, டிக்கெட் ஜன்னலைத் தாண்டித் தெருவுக்குப் போனார்கள். துவைத்து வைத்திருந்த துண்டுகளை எல்லாம் நனைத்து முகம் துடைக்கக் கொடுத்தோம். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரை நான்கு பேர் ராஜா மாதிரி தூக்கி வந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. ஒரு பிள்ளை செருப்பைத் தொலைத்தது தவிர வேறு சேதம் இல்லை. அந்தக் கூட்டத்தோடு வந்த எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், போகிற போக்கில் கொடியில் தன் சட்டையைப் பார்த்து, அதையும் வாங்கிக்கொண்டு போனார்.

தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இன்னொருவரை. சீருடையில் இருந்த ஒரு நர்ஸ். படியேறி, கடையைக் கடந்து, தெருவில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே அவர் வேலை செய்யும் கண் மருத்துவமனை. தினமும் இந்த இடத்தைச் சுரங்கத்துக்குள்ளேயே தாண்டிப் போய், அடுத்த நிலையத்தில் இறங்கி, வெயிலிலும் மழையிலும் திரும்பி நடந்து வருகிறவர் அவர். ரயில் கெட்டுப்போன அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக வேலைக்குச் சீக்கிரம் போனதாகச் சொல்லிச் சிரித்தார். கண் கட்டோடு வருகிற நோயாளிகளும் அவர் நடக்கும் அதே தூரத்தைத்தான் நடக்கிறார்கள். அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

7. எல்லோரும் வெளியேறிய பிறகு நான் கீழே இறங்கிப் பார்த்தேன். அனுமதியில்லாமல்தான் இறங்கினேன். இத்தனை வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் இருந்த பிளாட்பாரத்தை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். பச்சை ஓடு பதித்த சுவர், உட்காரும் பலகை, குப்பைத்தொட்டிகூட அதே இடத்தில். ஒரு ரயிலும் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஐயா, துக்கத்தால் அல்ல. ஓட்டுநர் காலிப் பெட்டிகளைக் கடைசிவரை நடந்து சரிபார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். வயது முப்பதுகூட இருக்காது. அவர் சொன்னதுதான் இந்த மனுவின் உயிர்: "ஆறு பெட்டி ரயிலு, மூணு பெட்டி பிளாட்பாரம். ஒருத்தர் விடாம இறங்கிட்டாங்க பாத்தீங்களா? இனிமே இங்க நிறுத்த முடியாதுன்னு யாரு சொல்லுவாங்க?"

அதாவது, இப்போதைய ரயில்களில் பெட்டிக்குப் பெட்டி வழி இருக்கிறது. பின்பெட்டிக்காரர்கள் முன்னால் நடந்து வந்து, முன் மூன்று பெட்டிகளின் கதவுகள் வழியாக இறங்கினார்கள். நிலையத்தை மூடியதற்கான காரணம் புதிய ரயில்கள் வந்த அன்றே செத்துப்போய்விட்டது. யாரும் வந்து பலகையைக் கழற்றவில்லை, அவ்வளவுதான். நான் இதை என் மூளையிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. மறுநாள் அளவு நாடாவோடு வந்த தங்கள் முதன்மைப் பொறியாளரும் முன் மூன்று பெட்டிக் கதவுகளை மட்டும் திறக்கும்படி செய்ய முடியும் என்று என் வீட்டுக்காரர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். இயக்கப் பிரிவின் பாராட்டுக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலும் அது இருக்கிறது. சொத்துப் பிரிவு அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

8. என் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று, 'பொதுமக்களை அனுமதியின்றி நிலைய வளாகத்துக்குள் நடமாட விட்டது'. ரயில் நிலையத்துக்குள் ரயில் பயணிகள் நடந்ததை வேறெப்படி எழுதுவது என்று அந்த அதிகாரிக்கும் தெரிந்திருக்காது. அவரைக் கோபிக்கவில்லை. ஆனால் ஏழாவது நிபந்தனையை நான் மீறியது குற்றம் என்று எந்தக் காகிதத்தில் எழுதி நீட்டினாலும் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு இன்னொரு ரயில் நின்று, இன்னொருவர் தட்டினால், இன்னொரு பூட்டையும் உடைப்பேன்.

9. அன்றிலிருந்து எங்கள் தெரு தலைகீழாக மாறிவிட்டது. துணி கொடுக்க வருகிறவர்கள் ஜன்னலில் குனிந்து, எப்போது திறக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சிலர் வேண்டுமென்றே டிக்கெட் கேட்கிறார்கள். மருத்துவமனை ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், அன்று என் கடை வழியாக வந்த பயணிகள் எல்லோரும் நிலையத்தைத் திறக்கக் கேட்டுக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். தாள்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். சக்கர நாற்காலிக்காரர் தன் கையொப்பத்தின் கீழ், லிஃப்ட்டும் வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்தே கேட்கிறோம்.

இந்தத் தாள்களை நான் சுற்றுக்கு விட்டபோது என் வீட்டுக்காரர் ஒன்று கேட்டார்: "ஸ்டேஷன் வந்தா நம்ம கடை எங்க போகும்?" அவர் கேட்டது சரிதான். டிக்கெட் கவுண்டர் இல்லாமல் நிலையம் கிடையாது, அந்தக் கவுண்டர்தான் எங்கள் பிழைப்பு. மாமனார் காலத்திலிருந்து இந்த மேசையில்தான் இஸ்திரி போட்டு மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினோம். நானே கடப்பாரை எடுத்து என் வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டுகிறேன் என்று அவர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே தாளை வாங்கிக் கையொப்பம் போட்டார். கண் கட்டோடு ஒரு பெரியவர், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, எங்கள் கடைவாசலைக் கடந்து அடுத்த நிலையத்துக்கு நடந்துபோனதை ஜன்னல் வழியாக அவரும் பார்த்திருக்கிறார்.

10. ஆகவே ஐயா அவர்களுக்கு என் கோரிக்கை இது. சொத்துப் பிரிவின் அறிவிப்பை அதிலுள்ள குற்றச்சாட்டுகளோடு ரத்து செய்து, எழுத்தில் தர வேண்டும். இந்த நிலையத்தைத் திறப்பது குறித்து இயக்கப் பிரிவும் பொறியாளரும் சொன்னதைத் தாங்கள் நேரில் கேட்டு, திறக்கும் தேதியை அறிவிக்க வேண்டும். பாராட்டு விழாவுக்கு நாங்கள் கட்டாயம் வருகிறோம். அந்த மேடையிலேயே தேதியைச் சொன்னால் தெருவே கூட வரும்.

அதற்குப் பிறகு கடையைக் காலி செய்யச் சொல்லி எனக்குப் புதிதாக ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். வாடகைக்கு வேறொருவர் வருகிறார் என்றால் நான் நகர மாட்டேன், வழக்குப் போடுவேன். தப்பு செய்தேன் என்று சொல்லிக் காலி செய்யச் சொன்னாலும் நகர மாட்டேன். ரயில் நிற்கப்போகிறது, இடம் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். அந்தத் தாள் என் கைக்கு வந்த அன்றே இஸ்திரி மேசையைத் தூக்கித் தெருவின் எதிர்ப்புறம் போட்டுவிட்டு, வரிசையில் முதல் ஆளாக நின்று டிக்கெட் வாங்குவேன்.

நல்ல பதிலை எதிர்பார்த்து,

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடகைதாரர்
(கையொப்பம்)
டிக்கெட் அக்கா

இடம்: டிக்கெட் கவுண்டர்
நாள்: மாதக் கடைசிக்கு முந்தைய திங்கட்கிழமை

இணைப்பு: பார்வையில் கண்ட கடிதங்களின் நகல்கள், கையொப்பத் தாள்கள்.