பால்தாய்க்கு நல்ல செய்தி மட்டும்

வய்யாதோலித் அரண்மனை,
புனித மார்ட்டின் திருநாள், நவம்பர்.

அன்புள்ள மென்சியா அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். பன்னிரண்டு பெண்களை நிற்கவைத்து, பாலை நகத்தில் சொட்டவிட்டுப் பார்த்து, இளவரசருக்குப் பாலூட்ட என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு ஐந்து வாரம். மன்னருக்கு அறுபது வயது, வேறு பிள்ளை இல்லை. இந்தக் குழந்தை தவறினால் முடி மன்னரின் அக்காள் மகனுக்குப் போய்விடுமாம். அதனால் நான் தும்மினால்கூட மருத்துவர் ஓடி வருகிறார்.

உன் கடிதங்களை அரண்மனைக் காரியஸ்தர் தோன் புருதென்சியோ முதலில் படிப்பார். "கெட்ட சேதி கேட்டா பால் கெட்டுடும்மா. பால் கெட்டா நாடே கெட்டுடும்" என்கிறார்.

கில் எப்படி இருக்கிறான்? உன் பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த பத்தாம் நாள், என் நாலு மாதப் பிள்ளையை உன் மடியில் போட்டுவிட்டு வந்தேன். கோபமா?

தங்கை,
ஒலாயா

ஓர்மாஸ்,
கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்.

அன்புத் தங்கைக்கு,

கில் நலம். நன்றாகப் பால் குடிக்கிறான். நன்றாகத் தூங்குகிறான். பசு நலம். பாதிரியார் நலம். கவலைப்படாதே.

மென்சியா

வய்யாதோலித்,
சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு.

அக்கா,

மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றிலும் எல்லாரும் நலம். ஊரில் ஒரு கோழிகூடச் சாகவில்லையா? கெட்டதை எழுதத் தடை இருக்கும்போது நல்லதை நான் எப்படி நம்புவது?

சமையல்காரி உர்ராக்கா சொன்னாள்: "முன்னாடி, மன்னரோட அக்கா மகனுக்குப் பால் குடுக்க ஒருத்தி இருந்தா. அவ புள்ள செத்து எட்டு மாசம் வரைக்கும், கொழுகொழுன்னு இருக்கான்னு கடிதாசி வந்துகிட்டே இருந்துச்சு."

நேற்று சத்தியச் சடங்கு. முப்பத்தாறு ஊர்ப் பிரதிநிதிகள் மண்டியிட்டு இளவரசரின் கையை முத்தமிட்டு, அவரே வருங்கால மன்னர் என்று ஆணையிட்டார்கள். என் மடியில்தான் கிடந்தார். ஒரு கிழவரின் தாடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "விடுங்க சாமி, இப்பவே வரி வசூலா?" என்றார் கிழவர். சபையே சிரித்தது. கில்லின் கை இப்போது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு குறையாவது எழுது. கடித்தான், படுத்தினான் என்று ஏதாவது.

ஒலாயா

வய்யாதோலித்,
புனித இசிதோர் திருநாள், மே.

அக்கா,

ஈஸ்டருக்குப் பிறகு உன் கடிதம் வந்தது. நடுவில் நாலு வரியைக் கத்தரித்திருந்தார்கள். காரியஸ்தரிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, நீ சாப்பிடு" என்றார். அதன்பின் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. ஆறே நாளில் பால் வற்றியது. வேறொருத்தியைக் கொண்டுவந்தார்கள். இளவரசர் அவளிடம் வாய் வைக்கவே இல்லை. காய்ச்சல் கண்டது. செவ்வாய்க்கிழமை இறந்தார். ஏழு மாதம், நாலு நாள்.

அன்று மாலையே மன்னரின் அக்காள் மகனுக்காகப் படியில் கம்பளம் விரித்தார்கள். அந்த முப்பத்தாறு பேரையும் மறுபடி சத்தியத்துக்கு அழைத்திருக்கிறார்கள். இளவரசரைக் கொன்றது நான்தான் என்று என்மேல் பழி போடுகிறாள் உர்ராக்கா. எனக்கும் அவர் குழந்தைதான் அக்கா.

அரண்மனையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கன்னியர் மடத்தில் தங்கியிருக்கிறேன். இதைக் கொண்டுவரும் கோவேறு கழுதைக்காரரிடமே பதில் கொடுத்தனுப்பு. இனி யாரும் உன் கடிதத்தைப் படிக்க மாட்டார்கள். உண்மையைச் சொல். கில் இருக்கிறானா?

ஒலாயா

ஓர்மாஸ்,
பெந்தெகொஸ்தே திங்கள்.

ஒலாயா,

இருக்கிறான். கழுதைக்காரர் அவனைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருகிறார், அவரிடமே கேள். தவழ்ந்துபோய் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டான். அதைத்தான் கத்தரித்திருப்பார்கள். ஆறிவிட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் நீ சந்தோஷமாகக் கிளம்பியிருப்பாய். ஆனால் உண்மை கேட்டாய். அவன் என்னைத்தான் அம்மா என்கிறான். நான் திருத்தவில்லை. "ஒலாயா வந்தா என்னடி பண்ணுவ?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "உன் வேலையப் பாரு" என்றேன்.

இளவரசருக்காக ஊர் மணி அடித்தபோது எல்லாரையும்விட நான்தான் அதிகம் அழுதேன். அவர் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபித்தவள் நான். அவர் பால் குடிக்கும்வரை நீ திரும்ப மாட்டாய் அல்லவா?

அவன் உன் பிள்ளை, வா. கழுதைக்காரரோடு வந்தால் மூன்று நாள். நடந்து வந்தால் எட்டு.

முடிந்தால் நடந்து வா.

மென்சியா