சிக்னலை மறித்த மரம்

வாலுக்குட்டிக்கு அப்பா எழுதுவது. இருமலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அம்மாவும் அங்கே சௌக்கியந்தானே? போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறேனே என்று முழிக்காதே, இங்கே இணையம் படுத்துவிட்டது, பால் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, உனக்கும் ஒன்பது வயதாகிறது. உன் நாடகத்துக்கு நான் வர முடியாது.

தப்பு என்னுடையதுதான். மேட்டில் இருக்கிற கம்பத்திலிருந்து பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கம்பியில்லாமல் இணையம் போக வேண்டும், அதற்கு இரண்டு பக்கத்து ஆன்டெனாத் தட்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். நான் முதலில் வந்தபோது நடுவில் நின்ற மரம் மொட்டையாக இருந்தது, குச்சிகளுக்கு நடுவே எதிர்ப்பக்கம் பளிச்சென்று தெரிந்தது, போதும் என்று அவசரத்தில் மாட்டிவிட்டேன். இப்போது மரம் இலை விட்டுவிட்டது, அது மழையில் நனைந்ததும் சிக்னல் சுத்தமாகப் போச்சு. ஆஸ்பத்திரி நர்ஸக்கா, ஏன் தம்பி, இவ்வளவு படிச்சீங்களே, மரத்துக்கு இலை வரும்னு யாரும் சொல்லித் தரலையா என்று கேட்டார். வெட்டிவிடலாமா என்று மரத்துக்குச் சொந்தக்காரரான தேன்காரரிடம் கேட்டேன், அது நிழல்லதான் என் தேனீப் பெட்டி ஆறும் இருக்கு, வேணும்னா உன் கம்பத்தை நகர்த்திக்கோ என்றார், அதுவும் நியாயந்தான். டவுன் டாக்டர் திரையில் வர முடியாமல் நோயாளிகள் நடந்தே மலையிறங்குகிறார்கள், இதை விட்டுவிட்டு பஸ் ஏற எனக்கு மனசு வரவில்லை.

கம்பத்தை நகர்த்தப் புதுக் குழி தோண்டியாயிற்று, கான்கிரீட் இறுக ஒரு வாரம், அப்புறம் தட்டைத் திருப்ப வேண்டும். இரண்டு ஆள் வேலை அது, கூட இருந்தவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். இந்தப் பக்கம் மயிரிழை திருப்பிவிட்டு, முக்கால் மணி நேரம் இறங்கி ஏறி அந்தப் பக்கம் சிக்னல் எண் கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி நானேதான் திரும்பி வர வேண்டும். வழியில் பேச ஒரு ஆள் கிடையாது. நேற்று குழி தோண்டிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் வரும்போது, நீ போனில் சொல்லிக் காட்டிய உன் நாடகத்து நீதிபதி வசனத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறினேன், பாதியில் மறந்துவிட்டது, வேறு எதைச் சொல்வதென்று தெரியாமல் சும்மா நடந்தேன்.

எனக்காக முன்வரிசையில் நாற்காலி பிடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். கோபமிருந்தால் வைத்துக்கொள், மேடையில் மட்டும் அதை நினைத்துக் குரலை அடக்கிவிடாதே, கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மீதி வசனத்தை மறக்காமல் எழுதி அனுப்பு, நடக்க நிறைய இருக்கிறது.

உன் அப்பா