ஒரு பக்கம் உங்கள் முறை, மறுபக்கம் நானாவின் முறை

என் சந்தேகக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகும் உங்கள் சந்தேகம் வீட்டை விட்டுப் போகவில்லை. அது இப்போது எனக்கு வந்திருக்கிறது. பால் வாங்கினால்கூட அதில் தண்ணீரைத்தான் முதலில் தேடுகிறேன். "உங்கப்பா எங்கயும் போகல, இந்தா நிக்கிறாரு" என்று உங்கள் மருமகன் சிரிக்கிறார்.

நீங்கள் வாடகைக்கு ஹயர் ஓடிய வெள்ளைக் கார் இன்னும் ஓடுகிறது. அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கூட்டிப்போகிறேன். போன வருடம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டக் டக்' என்று அடிக்கத் தொடங்கியது. உங்களுக்குத் தெரிந்த சத்தம்தான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மின் முனையில் இருக்கிற ரப்பர் புஷ் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. நீங்கள் இருந்தபோது அதை எத்தனை தடவை மாற்றினீர்கள்? ஒவ்வொரு தடவையும் யாரைத் திட்டினீர்கள்?

நாம் நானா என்று கூப்பிடும் தலவாக்கலை ஸ்பேர்பார்ட்ஸ் கடை முஸ்லிம் பெரியவரைத்தான். பழைய சிநேகிதனுக்கே போலிச் சாமானைத் தள்ளிவிடுகிறான் என்று அவரோடு பேச்சை விட்டீர்கள். வேறு கடையில் வாங்கிய புஷ்ஷும் கிழிந்தபோது, அங்கேயும் சாமான் கொடுப்பது நானாதான் என்றீர்கள். சாகும்வரை அவர் முகத்தில் விழிக்கவில்லை.

பிறகு நான் ஏன் அந்தக் கடைக்கே போனேன்? கையும் களவுமாகப் பிடிக்கத்தான். பெட்டியைத் திறந்து ரப்பரை நகத்தால் கீறினேன், மோந்து பார்த்தேன். நானா பார்த்துக்கொண்டே நின்றார். "ஜாக்குல தூக்கி வச்சுக்கிட்டே நட்டை இறுக்கிராதீங்க மகள். டயர்ல கார் பாரம் இறங்குன பொறகுதான் கடைசி இறுக்கு. இல்லாட்டி ரப்பர் முறுக்கிக்கிட்டே கெடந்து கிழிஞ்சிரும். அப்பாக்கும் சொன்னேன்" என்றார்.

சாமான் மட்டமென்றால் இப்படித்தான் பழியை நம் கையில் போடுவார்கள் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்? நம் தோட்டத்து லய வீடுகள் இருக்கிற சரிவில் சக்கரத்தை இறக்கிவிட்டு அடியில் யார் கையை நுழைப்பார்கள்? தூக்கியிருக்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கி முடித்துவிட்டுத்தான் இறக்குவோம்.

அதனால் புஷ் இரண்டையும் அவரிடமே வாங்கி, நானாவுக்கு ஒரு பொறி வைத்தேன். உங்கள் மருமகன் பின்சக்கரங்கள் உருளாமல் கல் கொடுத்தார். ஆர்மைக் கழற்றி, பழைய புஷ்ஷின் இரும்பு வளையத்தை இரும்பறுக்கும் வாளால் அறுத்து எடுத்தோம். புதியதற்குச் சவர்க்காரத் தண்ணீர் தடவி, நீளமான போல்ட்டும் குழாய்த் துண்டும் வைத்து முறுக்கி உள்ளே இழுத்தோம். இடது பக்கத்தை உங்கள் முறைப்படி, சக்கரம் தொங்கும்போதே இறுக்கினேன். வலது பக்கம் நட்டைத் தளர்வாக விட்டு, சக்கரத்துக்கு அடியில் பலகை அடுக்கி, பாரம் அதில் இறங்கிய பிறகு இறுக்கினேன்.

"ரெண்டும் ஒரே கடைச் சாமான். ரெண்டும் கிழியும், பாருங்க" என்றேன்.

"ஒண்ணு கிழியலன்னா?" என்று உங்கள் மருமகன் கேட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் சத்தம் வந்தது. இடது பக்கம் மட்டும். வலது பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்தேன், கம்பியால் நெம்பிப் பார்த்தேன். ஒரு வெடிப்பும் இல்லை. அப்போதும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இடது ஓரத்தில்தான் பள்ளம் அதிகமோ என்று ஹட்டன் ரோட்டையே சந்தேகப்பட்டேன். இன்னொரு புஷ் வாங்கி இடது பக்கத்தையும் நானா சொன்னபடி மாற்றினேன். அடுத்த மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது. கார் சத்தமில்லாமல் ஓடுகிறது.

அப்பா, அவர் உங்களை ஏமாற்றவில்லை. இதை எழுதவே எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது.

நேற்றுக் கடைக்குப் போய் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா மவுத்தான அன்னிக்கு சாவு வீட்டுக்குன்னு லயம் வரைக்கும் வந்தேன் மகள். உள்ள வந்தா அவனுக்குப் பிடிக்காதுன்னு ரோட்டுலயே நின்னுட்டுப் போயிட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் மேல் கோபமும் வந்தது. ஒரு தடவை அவர் சொன்னபடி செய்து பார்த்திருக்கக் கூடாதா?

வருகிற உங்கள் திவசத்துக்கு நானாவைக் கூட்டிவருவேன். ரோட்டில் நிற்க விடமாட்டேன். உங்கள் படத்துக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்து, என் கையால் தேத்தண்ணி கொடுப்பேன். அவர் என்ன சொன்னாலும் இந்தத் தடவை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உங்களைப் போலவே பிறந்துவிட்ட,
மூத்த மகள்