இல்லாத பல்வலி

அன்புள்ள அப்பாவுக்கு, செல்வி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கால் வீக்கம் வற்றியதா? வரிச்சிக்குடியில் குறுவை அறுப்புக்கு ஆள் கிடைத்ததா? சென்னையில் நான் சௌக்கியம்.

போனில் சொல்லத் தயக்கம், அதனால்தான் கடிதம். மன அழுத்தம் குறைய ஆபீஸில் எங்கள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார்கள். தினமும் பத்து நிமிடம் கண்மூடி மூச்சைக் கவனித்துவிட்டு, மனதில் இருப்பதை அதில் எழுத வேண்டும். யாரும் படிக்க மாட்டார்கள் என்றார்கள். "வேலை முடியாமல் அழுகை வருகிறது" என்று எழுதினேன். மறுநாளே மேனேஜர், "முடியலைன்னா சொல்லும்மா, வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார்.

எனக்குச் சந்தேகம். இல்லாத பல்வலியை ஒருநாள் அதில் எழுதினேன்; வேறு யாரிடமும் சொல்லவில்லை. அன்று மதியமே மேனேஜர் வந்து, "பல்லு எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"உங்களுக்கு யாரு சார் சொன்னாங்க?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இப்போது தினமும் "மகிழ்ச்சி" என்றே எழுதுகிறேன். பக்கத்து நாற்காலி பிரதீபாவும் அப்படித்தானாம். பயப்படாதீர்கள், வேறு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

காரைக்கால் பஸ்ஸில் யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். பதிலைக் கையால் எழுதுங்கள், இரண்டு பக்கத்துக்குக் குறையாமல். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேச இங்கே ஆளில்லை. ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
தாமரைச்செல்வி