ஸ்டெல்லாவுக்குப் பின்னால் ஓடியது யார்

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. இன்று மதுக்கரையில் நடந்த பெண்கள் ஓட்டப் பந்தயத்தில் ஸ்டெல்லா முதல் பரிசு வாங்கினாள். நான் இரண்டாவது. அவள் பக்கத்துத் தெருக்காரி, தினமும் காலையில் என்னோடு ஓடுகிறவள். ஆனால் பாதித் தூரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் முன்னால் போனது நான்தான். யாரும் என்னை முந்தவில்லை. கடைசிக் கோட்டுக்கு வந்தால், அவள் கழுத்தில் மாலையோடு நிற்கிறாள்.

சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்து, பரிசுக் கோப்பையை என் மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, ரோட்ட உட்டுப்போட்டு, பழைய சுண்ணாம்புக்கல் குழி வழியா குறுக்க வந்துட்டனுங்க."

"தெரியும் கண்ணு."

"நீங்களுந்தானுங்க எம் பின்னாலயே ஓடியாந்தீங்க?"

"இல்லியே. நான் ரோட்டுலதான வந்தேன்."

அவள் முகம் வெளிறிவிட்டது. குழிக்குள் இறங்கியதிலிருந்து மேலே ஏறும்வரை காலடிச் சத்தம் விடாமல் கேட்டதாம். பிடரியில் மூச்சுக்கூடப் பட்டதாம். நான் என்று நினைத்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து ஓடியிருக்கிறாள்.

"அப்ப நான் யாரையோ நெசமாவே ஜெயிச்சிருக்கேன், இல்லீங்களா?" என்றாள்.

"காலையில பந்தயம் நடத்துனவங்ககிட்டப் போயி உண்மையச் சொல்லிப்போடலாம், நானும் வாரேன்" என்றேன். தலையாட்டினாள். கோப்பையை மட்டும் திரும்ப எடுத்துப்போக மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள்.

தனியாகப் போகப் பயந்தாள். அவள் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். திரும்பும்போது தெருவில் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஓடித்தான் வந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.