இடது பக்கக் கதவு

அன்புள்ள சின்னுவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அதைவிட நாலு மடங்கு நன்றாக இருக்க வேண்டும். போனில் நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் பக்கத்தில் உன் அம்மா இருந்தாள், அதனால்தான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உன் வீட்டுப் பக்கத்தில் நாமே கழுவிக்கொள்கிற கார் வாஷ் திறந்திருக்கிறார்கள், போகலாமா, புது வண்டியின் பெயிண்ட் உரிந்துவிடும் என்று மாப்பிள்ளை பயமுறுத்துகிறார், காலமெல்லாம் ரொட்டி வேன் ஓட்டின அப்பாவுக்குத் தெரியாததா என்று கேட்டாய். தெரியாததுதான் அம்மாடி. நானே போன மாதக் கடைசியில்தான் அப்படி ஓர் இடத்துக்கு முதல் தடவையாகப் போனேன். போய் என்ன சாதித்தேன் என்றால், காரைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் என்னைக் குளிப்பாட்டிக்கொண்டேன். உன் அம்மாவை ரத்தம் சுத்தம் செய்கிற கிளினிக்கில் விட்டுவிட்டால் பாதி நாள் எனக்கு வேலை இல்லை என்று உனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதிலாக இதையாவது செய்யலாமே என்று அடுத்த தெருவில் இருக்கிற அந்தக் கொட்டகைக்கு வண்டியை விட்டேன். டோக்கனைப் போட்டேன், எதற்கு எந்தப் பட்டன் என்று பலகையைப் படிக்காமல் ஒன்றைத் தட்டினேன், தண்ணீர்த் துப்பாக்கியைக் கையில் எடுக்கவே இல்லை. அது கொக்கியிலிருந்து துள்ளி விழுந்து பாம்பு மாதிரி தரையில் நெளிந்து என்னைத் தலையிலிருந்து செருப்பு வரைக்கும் நனைத்தது. நான் அதைப் பிடிக்கப் போக, அது என்னைப் பிடிக்க வர, பக்கத்துத் தடுப்பில் டாக்சியைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஓடி வந்து நிறுத்தினார். "பெரியவரே, நீங்க வண்டி கழுவ வந்தீங்களா, குளிக்க வந்தீங்களா?" என்றார். ரெண்டும்தான் தம்பி, ஒரே டோக்கன்ல முடிச்சிக்கலாம்னு பார்த்தேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். போகலாம். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல், பெயிண்டைக் கெடுப்பது தண்ணீர் இல்லை, மண்ணோடு சேர்த்துத் தேய்ப்பதுதான். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரையும் பழைய பனியனையும் வைத்துக்கொண்டு அழுத்தித் தேய்க்கிறார்களே, அது உப்புத்தாள் போடுகிற மாதிரி. இங்கே முதலில் வெறும் தண்ணீரை அடித்து மண்ணை எல்லாம் இறக்கிவிடலாம், அந்த வகையில் இது எவ்வளவோ மேல். ஆனால் துப்பாக்கியை ஒரு கை நீளத்துக்குத் தள்ளியே பிடி. கிட்டே கொண்டு போனால், ஏற்கெனவே கல் தெறித்துப் பெயிண்ட் விட்டிருக்கிற இடத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து தோலை உரிக்கிற மாதிரி உரித்துவிடும். டயரின் பக்கவாட்டில் கிட்டத்தில் வைத்து அடிக்காதே, பானெட்டைத் திறந்து இன்ஜினில் அடிக்கவே அடிக்காதே. அங்கே ஒரு நீளமான பிரஷ் தொங்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், தொடாதே. உனக்கு முன்னால் எவனாவது காட்டு வழியில் ஓட்டின ஜீப்பை அதே பிரஷால் தேய்த்திருப்பான், அவன் வண்டி மண் எல்லாம் அந்த முடிக்குள் உட்கார்ந்திருக்கும், அதை வாங்கி உன் வண்டிக்குப் பூசுவாயா? நல்ல மெத்தென்ற துணியாக இரண்டு எடுத்துப் போ, ஒன்று நுரைக்கு, ஒன்று துடைக்க. வெயிலில் நின்று சுட்டுக் கிடக்கிற வண்டியில் ஷாம்பு போடாதே, காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். நேரம் முடிந்தால் மிஷின் தயவு தாட்சண்யம் பார்க்காது, நுரையோடு அப்படியே நின்றுவிடும், நானும் என் வண்டியும் அன்றைக்குப் பஞ்சு மிட்டாய் மாதிரி நின்றோம். அதனால் நுரை போடும்போதே அலசுவதற்கு ஒரு டோக்கன் சட்டைப்பையில் இருக்கட்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தானா இவ்வளவு பெரிய கடிதம் என்று நினைப்பாய். இதற்கில்லை.

நம் கட்டடத்தில் கீழே வண்டி கழுவக்கூடாது என்று நிறுத்தி ரொம்ப நாளாகிறது, தண்ணீர்ப் பஞ்சம். அதனால் வண்டி முழுக்கத் தூசிதான். நான் நிறுத்துகிற இடம் உனக்கு நினைவிருக்கும், இடது பக்கம் சுவரை ஒட்டினாற்போல் நிற்கும். நான் என் பக்கம் ஏறி வெளியே எடுத்துவந்து வாசலில் நிறுத்துவேன், உன் அம்மா வந்து இடது பக்கம் ஏறிக்கொள்வாள். அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்க்க எனக்கு வேலையே வந்ததில்லை. அன்றைக்கு நுரை வழிந்து இறங்க இறங்க, இடது பக்கம் என்ன கோலத்தில் இருக்கிறது என்று பார்த்தேன் சின்னு. முன் மட்கார்டிலிருந்து பின்கதவு வரைக்கும் ஒரே கீறல், அதில் பச்சை பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. பக்கக் கண்ணாடியின் மூலை உடைந்திருக்கிறது. முன்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தின மாதிரி ஒரு பள்ளம். ஒன்றுகூட எனக்குத் தெரியாது. இடித்த சத்தம் கேட்டதாகவும் நினைவில்லை. ரோட்டில் பள்ளம் என்று நினைத்திருப்பேன், பாட்டுச் சத்தத்தில் விட்டிருப்பேன். டாக்சிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "எங்க பெரியவரே இடிச்சீங்க?" என்றார். எவனோ நிறுத்தியிருந்த வண்டியில இடிச்சிட்டுப் போயிட்டான் என்று சொன்னேன், யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் என் மேல் பரிதாபப்பட்டு, "இப்பல்லாம் எவனுக்கும் கண்ணே தெரியறதில்லங்க" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நேரே கிளினிக் வாசலுக்குப் போய், நான் வழக்கமாக வண்டியைத் திருப்புகிற இடத்தில் இருக்கிற இரும்புத் தூணைப் பார்த்தேன். பச்சைத் தூண், அதில் நம் வண்டியின் வெள்ளைப் பெயிண்ட் இழுத்திருந்தது. தூண்தானா, மனுஷன் இல்லையே என்று அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் கதவில் இருக்கிற பள்ளத்தில் எந்த நிறமும் ஒட்டவில்லை. அது எதனால் என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. ராத்திரி படுத்தால் அதைத்தான் நினைக்கிறேன், வேறு எதுவும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

உன் அம்மா வெளியே வந்தாள். சட்டை ஈரத்தைப் பார்த்து, "என்ன இது, உங்களையும் சேர்த்து யாராவது துவைச்சாங்களா?" என்று சிரித்தாள். சிகிச்சை முடிந்து வருகிற நாளில் அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று இருக்கிற வண்டி, நடுவில் அந்தப் பள்ளம், கண்ணில் படாமல் இருக்கவே முடியாது. அவள் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் பள்ளத்துக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். தினம் பார்க்கிற பொருளை யார் நின்று பார்ப்பார்கள்? வருகிற வழியில் வழக்கம்போல ஆரம்பித்தாள், "சைக்கிள் ஒண்ணு வருது", "பஸ் ஒட்டி வருது, கொஞ்சம் தள்ளிக்குங்க", "நில்லுங்க, ஸ்கூல் பிள்ளைங்க." இது எப்போது தொடங்கியது என்று எனக்கு நினைவில்லை. லைசென்ஸ் எனக்கா உனக்கா என்று நானும் எத்தனையோ நாள் எரிந்து விழுந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கவனித்தேன், அவள் சொன்னது ஒன்றுவிடாமல் இடது பக்கத்து விஷயம். வலது பக்கம் லாரியே வந்தாலும் வாய் திறக்கவில்லை.

மறு வாரம் மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன், பஸ்ஸில். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தாடையை வைக்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடி, நடுப் புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். ஓரத்தில் சின்னச் சின்ன வெளிச்சம் வரும், வந்தால் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். நானும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் அந்தப் பெண், "சார், தூங்கிட்டீங்களா?" என்றாள். தூங்கலைம்மா, வெளிச்சம் வந்தாத்தானே அமுக்க முடியும் என்றேன். அவள் எழுந்து வந்து என் கையில் இருந்த பட்டனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "வந்துக்கிட்டுதான் சார் இருக்கு" என்றாள். கண்ணுக்குள் அழுத்தமாம். ரொம்ப நாளாகச் சத்தம் போடாமல் இரண்டு கண்ணிலும் இடது ஓரத்தைத் தின்றிருக்கிறது. போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டர். வண்டி ஓட்டுவீங்களா என்று கேட்டார். ஓட்டத் தெரியும் என்றேன். இனி ஓட்டாதீங்க என்றார். ஊருக்கே ரொட்டி கொண்டுபோய்ப் போட்டவன், ஒரு ஓரத்தில்கூட உரசாதவன் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். வண்டிக் கதவு ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மாவிடம், வண்டி மக்கர் பண்ணுது, கொஞ்ச நாளைக்குக் கிளினிக் வேன்லயே போயிட்டு வரலாமா என்று கேட்டேன். அந்த வேன் பேச்சை எடுத்தாலே அவளுக்கு ஆகாது. சிகிச்சை தொடங்கின புதிதில் வேனில் போகச் சொன்னதற்கு, "நோயாளி மூட்டையில என்னையும் ஒரு மூட்டையா ஏத்தி அனுப்பத்தான் ஒரு டிரைவரைக் கட்டிக்கிட்டேனா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவள். இந்தத் தடவை "சரி" என்றாள். என்ன மக்கர் என்று கேட்கவில்லை, எப்போது சரியாகும் என்றும் கேட்கவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், அவ்வளவு சீக்கிரம் சொன்னாள். அவளை உட்காரவைத்து இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேனே, எதை நம்பி உட்கார்ந்தாள்?

நீ பதறிக்கொண்டு டிக்கெட் போடாதே. சாவியை டாக்டர் சொன்ன அன்றைக்கே பீரோவில் வைத்துவிட்டேன். அம்மாவிடம் போனில் இதைப் பற்றி எதுவும் கேட்காதே, அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மறக்காதே, இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னார். கார் கழுவுவது அப்புறம் ஆகட்டும், முதலில் போய்க் கண்ணைக் காட்டு, அந்த வெள்ளைக் கிண்ணத்தில் தாடையை வைத்துவிட்டு எனக்கு உடனே சொல். மாப்பிள்ளையும் நீயும் நோய் நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நூறு வருஷம் இருங்கள். என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

நேற்றுத்தான் முதல் தடவையாக வேனில் போனோம். ஆள் அதிகமில்லை, நான் முதலில் ஏறி வலது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து இடது பக்கம் அவளுக்கு இடம் விட்டேன். அவள் நின்றுகொண்டே, "நீங்க இந்தப் பக்கம் நகருங்க, எனக்குக் காத்து வேணும்" என்று என்னை எழுப்பி, என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலைத் திறக்கவே இல்லை. இடது பக்கம் இருந்தால் உன் முகம் எனக்குத் தெரிவதில்லை என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா