ரேடியோவில் செத்த பதினேழு பெண்கள்

மோர்ன் சாபே,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு.

அன்பு மகன் கர்வினுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம், ரேடியோ என்ன சொல்லியிருந்தாலும் நலம். உன் தங்கை ஷெர்னெல் இன்று காலை நான்கு வாழைக்காயும் ஒரு பெரிய துண்டு உப்பு மீனும் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று சட்டியைத் திறந்து பார்த்தாள், செத்தவர்கள் அவ்வளவு சாப்பிடுவதாக நான் கேள்விப்பட்டதில்லை. கனடாவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், குளிருக்குக் குல்லா போடாமல் அழகு காட்டிக்கொண்டு திரிவாய் என்பதும் தெரியும், உன் அப்பாவும் அழகு பார்க்கிறவர்தான், பார்த்துப் பார்த்துக் கடைசியில் மார்ட்டினிக்கில் ஒருத்தி வீட்டோடு தங்கிவிட்டார். நீ என்மேல் கோபமாக இருக்கிறாய், இருக்க வேண்டியதுதான். எட்டு மாதம் அலைந்து அந்த முதியோர் இல்லத்தில் தங்கைக்கு வேலைப் பத்திரம் வாங்கி, டிக்கெட்டும் எடுத்து அனுப்பினாய், போன சனிக்கிழமை அவள் ஏறவில்லை. விமானமே ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம், அப்படியும் எப்படித் தவறவிட்டீர்கள் என்று நீ தொலைபேசியில் கேட்டாய், மழை என்றேன், மலைப்பாதையில் மண் சரிந்தது என்றேன். உன் தங்கை பக்கத்தில் நின்றாள், நான் தொலைபேசியில் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். வரிசையாகத்தான் சொல்வேன், நடுவில் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

நீ போன பிறகு நம் தீவில் பெண்கள் கால்பந்து எப்படி வளர்ந்திருக்கிறது என்று உனக்குத் தெரியாதே. அமோக வளர்ச்சி. நான்கு வருடம் முன்பு அந்தப் பெரிய தீவுக்காரிகளிடம் பதின்மூன்றுக்குப் பூஜ்ஜியம் என்று தோற்றார்கள், கோல் காத்தவள் உன் தங்கை, அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே பதின்மூணு. மினிபஸ் ஓட்டுகிறவன் கூட 'பதின்மூணு, இறங்கு' என்பான். அதன் பிறகு கால்பந்துச் சங்கத் தலைவர் திரு. பெல்ரோஸ், அவர் தொப்பையும் அவருமாக வந்து, அணியைப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்றார், கட்டினார், நாற்பது பக்கத்தில் ஒரு வளர்ச்சித் திட்டப் புத்தகம் கட்டினார், பெண்கள் கால்பந்து என்று எழுதிய அட்டையில் ஆண்கள் அணியின் படம். நான்கு வருடத்தில் பெண்கள் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, புத்தகம் மட்டும் இரண்டு பதிப்பு வந்தது. பயிற்சி கொடுத்தது யார் என்று நினைக்கிறாய், போக்குவரத்துப் போலீஸ்காரி யூலிசா. வேலைக்குப் போகுமுன் விடிகாலையில் ரிக்கியின் மேய்ச்சல் நிலத்தில் மாடுகளை ஓரமாகக் கட்டிவிட்டு ஓட வைப்பாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நம் பெண்களுக்கு உண்மையாகவே கூடம் கோணல், தெற்குப் பக்கம் கோல் அடித்தால் பந்தை ஆற்றில்தான் தேட வேண்டும். சட்டைகள் பையன்களுடையவை, பழையவை, நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன், உன் தங்கைக்காக இல்லை, பார்க்கச் சகிக்கவில்லை, அதற்காக. கால்பந்து பெண்பிள்ளைக்குச் சோறு போடாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது உனக்கே தெரியும், கனடா யோசனைக்கு முதலில் தலையாட்டியவளும் நான்தான்.

இந்த வருடம் திடீரென்று தலைவருக்குச் சுறுசுறுப்பு வந்தது. நான்கு வருடம் ஆட்டமே ஆடாத நாட்டின் பெயரை உலகப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்களாம், பெயர் போனால் தலைவருக்கு வெளிநாட்டுக் கூட்டங்களுக்கு அழைப்பும் போய்விடும், அவ்வளவுதான் அவருடைய வேதனை. ஆகவே சனிக்கிழமை ஆட்டம், எதிரே வருவது அதே பெரிய தீவு, இடம் நம் தேசிய மைதானம். அணியை ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பது புதன்கிழமைதான் நினைவுக்கு வந்தது. செயலாளர் பெயர்ப் பட்டியலோடு ரேடியோ நிலையத்துக்கு ஓடினார், விளையாட்டுச் செய்தி நேரத்தைக் கிரிக்கெட் வருணனை எடுத்துக்கொண்டிருந்தது, மதியச் செய்திக்குப் பிறகு மரண அறிவிப்பு நேரத்தில் மட்டும் இடம் இருந்தது. எங்கே இடம் கிடைத்தால் என்ன, ஊர் முழுக்கக் கேட்கிற நிகழ்ச்சி அது ஒன்றுதானே என்று கொடுத்துவிட்டு வந்துவிட்டார். தலைப்பு எழுதவில்லை. பெயர், வயது, ஊர், பெற்றோர். அவ்வளவுதான் காகிதத்தில். அதுவும் போன மாதத்துப் பட்டியல், கனடா போகிறேன் என்று ஒதுங்கிய உன் தங்கையும் அதில் உண்டு, கல்யாணமாகி டோர்டோலாவுக்குப் போய்விட்ட ஒருத்தியும் உண்டு.

வாசித்தது யார், மிஸ்டர் க்ளாரன்ஸ், நாற்பது வருடமாக இந்தத் தீவின் சாவுகளை எல்லாம் வாசிக்கிற அதே குரல். அவர் கையில் ஒரு பெயரும் வயதும் கொடுத்தால் அவருக்கு வேறென்ன தோன்றும்? பின்னால் ஆர்கன் இசை ஓட, பதினேழு பெண்களையும் ஒவ்வொருத்தியாக எடுத்து வைத்தார். காகிதத்தில் இல்லாததைத் தன் தலையிலிருந்து சேர்த்துக்கொண்டார், அவருக்குத் தெரியாத குடும்பமா இங்கே. 'மோர்ன் சாபேயைச் சேர்ந்த செல்வி ஷெர்னெல் லவிஸ்கோ, வயது இருபத்து நான்கு, பதின்மூணு என்று அனைவராலும் அன்போடு அழைக்கப்பட்டவர், எர்மினின் மகள், கனடாவில் வாழும் கர்வினின் தங்கை.' அன்போடு, பார்த்தாயா. கடைசியில், சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் தேசிய மைதானத்தில் கூடுவார்கள், உற்றார் உறவினர் நண்பர்கள் இதையே நேரில் வந்து சொன்னதாக ஏற்றுக்கொள்ளவும் என்று தொண்டையைச் செருமி முடித்தார். பதினேழு பெண்கள் ஒரே நாளில், மைதானத்தில் வைத்து அடக்கம் என்றால் மக்கள் என்ன நினைப்பார்கள், படகு கவிழ்ந்தது என்று ஒரு கூட்டம், மினிபஸ் பள்ளத்தில் விழுந்தது என்று ஒரு கூட்டம்.

நான் அப்போது ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், ரேடியோ போடவில்லை. அரை மணியில் பக்கத்து வீட்டுக் கிழவி மா திதீன் தலையில் சூப்புச் சட்டியோடு ஒப்பாரி வைத்துக்கொண்டு படியேறி வருகிறாள். உன் தங்கை குழாயடியில் காலுறை துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "என்ன மா திதீன், யாரு செத்துட்டா?" என்று கேட்டாள். "நீதான்டி பிள்ளை, நீதான்!" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் யார் கேட்டது என்று பார்த்தாள். சட்டி ஒரு பக்கம், மா திதீன் ஒரு பக்கம். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தால், "ரேடியோ பொய் சொல்லுமா எர்மின், நல்லாத் தொட்டுப் பாரு, சில சமயம் அவங்களுக்கே தெரியாது" என்கிறாள். அதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது, ஈரப்பலா கொண்டுவந்தவர், ரம் கொண்டுவந்தவர், பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தவர். சாகவில்லை என்று தெரிந்தும் யாரும் எழுந்து போகவில்லை, கொண்டுவந்ததைச் சாப்பிடாமல் எப்படிப் போவது. நீயும் அந்தச் சனியன் ரேடியோவை அங்கே போனில் கேட்டுவிட்டுக் கூப்பிட்டாய், அவள் எடுத்தாள், யார் பேசறது என்றாய், "செத்தவதான் பேசறேன், சொல்லு" என்றாள். நீ அழுதாய். ஆறு வருடத்தில் நீ அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான், சிரித்துக்கொண்டே உள்ளே போய் நானும் அழுதேன். மறுநாள் தலைவர் பெல்ரோஸ் பத்திரிகையில் சொல்கிறார், இது சங்கம் திட்டமிட்ட விளம்பர உத்தியாம்.

வெள்ளிக்கிழமை யூலிசா சீருடையோடு வீட்டுக்கு வந்தாள். அவளிடம் இருக்கிற இன்னொரு கோல்கீப்பர் வலைப்பந்தாட்டக்காரி, பந்தை அழகாகப் பிடிப்பாள், ஆனால் விழ மாட்டாள், சட்டை அழுக்காகும். "நான் கெஞ்ச வரலை ஷெர்னெல், ஆனா பேரு பட்டியல்ல இருக்கு, கையுறையும் பையில இருக்கு, அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள். உன் தங்கை பெட்டியை மூடிக்கொண்டே, "பதின்மூணு தடவை குனிஞ்சு வலையிலேர்ந்து பந்தை எடுத்தவ நான், ஊரே சிரிச்சுது, இன்னொரு தடவை குனிய என்னால முடியாது கோச், என்னை விட்டுடுங்க" என்றாள். யூலிசா போலீஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் போன பிறகு உன் தங்கை பெட்டியைத் திறந்து, மடித்து வைத்ததை எல்லாம் எடுத்து, மறுபடி முதலிலிருந்து மடித்தாள். கனடா ஆசையில் போகிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன் மகனே. இங்கிருந்து ஓடுகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை விமானம் மூன்றரைக்கு. காலையிலேயே என் போனுக்குச் செய்தி வந்துவிட்டது, நாலே முக்காலுக்குத்தான் கிளம்பும் என்று, நம் தீவு விமானம் என்றைக்குச் சொன்ன நேரத்துக்குப் போயிருக்கிறது. நான் அவளிடம் சொல்லவில்லை, சீக்கிரம் போய் உட்கார்ந்தால் நல்லதுதானே என்று, சத்தியமாக அப்போது அவ்வளவுதான் நினைத்தேன். மழை ஒரு சொட்டு இல்லை. மண் சரியவும் இல்லை. விமான நிலையப் பாதை மைதானத்தைச் சுற்றித்தானே போகிறது, அங்கே போனால் பாதை முழுக்க வண்டி, பெரிய சாவுக்கு நிற்கிற மாதிரி இரண்டு பக்கமும் நிறுத்தியிருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்து, அழைப்பை ஏற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், சிலர் வெள்ளையில், சிலர் கறுப்பில். நான்கு வருடம் முன்பு அதே இடத்தில் முப்பது பேர்கூட இல்லை, அதில் பாதி கடலை விற்கிறவர்கள். நம் வண்டி நகரவே இல்லை. அவள் நீ அனுப்பிய அந்தக் குளிர்க் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு வேர்த்துப்போய் ஜன்னல் வழியாக மைதானத்தையே பார்த்தாள். மணி மூன்றரை தாண்டியது. "மம்மி, பிளேன் போயிருக்குமா?" என்றாள். முகத்தைப் பார்த்தேன். விமானத்தைப் பிடிக்கத் தவிக்கிற முகம் இல்லை அது. "போயிருக்கும்" என்றேன்.

ஒரு மணி பத்து நிமிடம் மிச்சம் இருந்தது கர்வின். நடந்தே போயிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், பூசை தவறாதவள், பொய் சொன்னால் பிள்ளைகளின் வாயில் மிளகைப் போட்டு வளர்த்தவள். அவள் கோட்டை என் மடியில் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள், பையைக்கூட எடுக்கவில்லை, கூட்டத்தை உட்கார வைக்கவே நேரமாகி ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை, வேலியருகே நின்ற யூலிசா கையுறையை நீட்டினாள்.

ஆட்டத்தைப் பற்றி நீ பத்திரிகையில் படித்திருப்பாய், ஒன்றுக்குப் பூஜ்ஜியம், தோற்றோம். எத்தனை தடுத்தாள் என்று பத்திரிகை போடவில்லை. வயிற்றால் தடுத்தாள், முகத்தால் ஒன்று தடுத்தாள், உதடு வீங்கிக் கிடக்கிறது. எழுபதாவது நிமிடம் ஒரு பந்து உள்ளே போனது. என் பொய்யால் இவளை மறுபடி குனிய வைத்துவிட்டேனே என்று நினைத்தேன். குனிந்தாள், எடுத்தாள், நடுவுக்கு உதைத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் உள்ளே போகவில்லை. முடிந்ததும், பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தவர்கள் அது வீணாகக் கூடாது என்று பாடினார்கள், சட்டிகள் எல்லாம் திறந்தன, தோற்ற வீட்டில் அப்படி ஒரு விருந்தை நான் பார்த்ததில்லை. தலைவர் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, பதின்மூன்றிலிருந்து ஒன்றுக்கு வளர்ந்திருக்கிறோம், இது என் திட்டத்தின் வெற்றி என்றார். மா திதீன் நின்ற இடத்திலிருந்தே, "உன் திட்டம் எந்தப் பக்கம் ஆடுச்சு, நான் பார்க்கலையே" என்று கத்தினாள். ஷெர்னெல் வீங்கின உதட்டோடு என்னிடம் வந்து, "ஒண்ணுதான் மம்மி, ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். அதை எப்படிச் சொன்னாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

அவள் வண்டியிலிருந்து இறங்கி ஓடியபோது விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், கோபித்துக்கொள்வதென்றால் என்னைக் கோபித்துக்கொள், அவள்மேல் தவறில்லை. பத்திரம் நவம்பர் வரை செல்லும் என்று நீதானே சொன்னாய், அடுத்த ஆட்டம் செப்டம்பரில். அதற்குப் பிறகு அவளிடமே கேள். போகிறேன் என்றால் நானே கொண்டுபோய் ஏற்றுவேன், ஓடுகிறவளாக இல்லாமல் போகிறவளாகப் போகட்டும்.

ஆனால் ஒன்று கேள். ஆறு வருடம் முன்பு அதே பாதையில் உன்னையும்தான் கூட்டிப் போனேன், அன்றைக்கும் வண்டி நின்றுவிட்டது, அன்றைக்கும் விமானம் தாமதம், நீயும் என் முகத்தைப் பார்த்து, மம்மி போயிருக்குமா என்று கேட்டாய். உனக்கு நான் உண்மையைச் சொன்னேன். இன்னும் நேரம் இருக்கு, இறங்கி ஓடு மகனே என்றேன். என் வாழ்நாளில் சொன்ன உண்மைகளில் அந்த ஒன்றுக்காகத்தான் இன்னும் வருந்துகிறேன்.

கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும், உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும். செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து ஷெர்னெல் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பாள், மறக்காமல் கூப்பிடு. டிக்கெட்டைப் பற்றிப் பேசாதே. அந்த ஒரு கோல் எப்படி விழுந்தது என்று கேள், சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகும், பொறுமையாகக் கேள்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன்னிடம் பொய் சொல்லாமல் போன உன் அம்மா,
எர்மின் லவிஸ்கோ